கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும்: பாப் கச்சேரி நாடகமான கதை

பாட்டுப் பாட வந்தவருக்கு எதற்கு இத்தனை ஆட்டக்காரர்கள்? எதற்கு நெருப்பு, ஏறி இறங்கும் மேடை, பத்துப் பன்னிரண்டு உடை? மேற்கத்திய பாப் நட்சத்திரங்களின் கச்சேரியை யூடியூபில் முதன்முதலாகப் பார்ப்பவர்கள் பலரும் இப்படிக் கேட்பார்கள். குரல் நன்றாக இருந்தால் போதாதா என்பார்கள் சிலர். குரலில் உள்ள குறையை மறைக்கத்தான் இந்த ஜோடனை என்று முடிவே கட்டிவிடுவார்கள் வேறு சிலர்.

இந்தக் கலை எனக்கு மிகவும் பிடித்தது. அதனால் பொறுமையாகப் பதில் சொல்லப் பார்க்கிறேன். அதற்குக் கடைசி வரிசையிலிருந்து தொடங்குவதுதான் சரி. பெரிய விளையாட்டு மைதானத்தில் கடைசி வரிசை மேடையிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால், மேடையில் நிற்கும் ஆள் அவருடைய சுண்டுவிரல் நகத்தின் உயரம்தான் இருப்பார். முகம் தெரியாது. கண் அசைவு, உதட்டோரச் சிரிப்பு, நெற்றிச் சுருக்கம் எதுவும் போய்ச் சேராது. ஆனால் முன்வரிசைக்காரரைப் போலவே அவரும் ஆசையோடு காசு கொடுத்து வந்தவர். பாட்டின் உணர்ச்சி அவருக்கும் கிடைத்தாக வேண்டும். பாப் கச்சேரிக்குள் நாடகம் நுழைந்ததற்கு முக்கியமான காரணம் இந்தத் தூரம்தான் என்பேன். உடை, ஒளி, நடனம், திரை எல்லாவற்றையும் அந்தக் கடைசி வரிசைக்காரரின் இருக்கையிலிருந்து பார்த்தால், ஒவ்வொன்றும் எதற்கென்று தானாகவே புரிய ஆரம்பிக்கும்.

கேட்காத பாட்டு

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினார்கள். அது பேஸ்பால் மைதானம். கூட்டம் சுமார் 55,600 பேர். மேடை மைதானத்தின் நடுவே இருந்தது, ரசிகர்கள் தள்ளி கேலரியில் இருந்தார்கள். வாக்ஸ் நிறுவனம் இதற்காகவே 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள் செய்து கொடுத்திருந்தது. ஆட்டத்தின்போது அறிவிப்புச் செய்யும் ஒலிபெருக்கிகளும் துணைக்கு இருந்தன. கூட்டத்தின் அலறல் அத்தனையையும் விழுங்கிவிட்டது. வந்தவர்களுக்கும் சரியாகக் கேட்கவில்லை, பாடியவர்களுக்குத் தங்கள் குரலே கேட்கவில்லை. அடுத்த ஆண்டு, 1966 ஆகஸ்ட் 29 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கச்சேரி. அதோடு சுற்றுப்பயணம் போவதையே அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

ஒலிப் பிரச்சினையைப் பொறியாளர்கள் பின்னால் தீர்த்தார்கள். அதில் ஒரு நுட்பத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மேடையில் அடித்த டிரம், நூறு மீட்டர் தள்ளி இருப்பவர் காதுக்குப் போக ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வினாடி ஆகும். மைதானத்தின் நடுவில் உயரமாக நிற்கும் ஸ்பீக்கர்கள் மேடையோடு ஒரே கணத்தில் ஒலித்தால், பின்னால் இருப்பவருக்கு ஒரே அடி இரண்டு முறை விழும். அதனால் அவற்றுக்குப் போகும் ஒலியைத் தூரத்தைக் கணக்குப் பார்த்துத் தாமதப்படுத்தி அனுப்புகிறார்கள். டிலே டவர் என்று அந்த ஸ்பீக்கர் கோபுரங்களைச் சொல்வது இதனால்தான்.

காதுக்கு வழி பிறந்துவிட்டது. கண்ணுக்கு என்ன செய்வது?

ஒரே ஆசிரியர், இரண்டு மாணவர்கள்

லிண்ட்சே கெம்ப் என்று ஒரு பிரிட்டிஷ் நடனக் கலைஞர் இருந்தார். பேசாமல் உடம்பால் மட்டும் நடிக்கும் மைம் கலையில் தேர்ந்தவர். 1960-களின் பிற்பகுதியில் அவரிடம் போய்க் கற்றுக்கொண்டவர் பாடகர் டேவிட் போவி. சில ஆண்டுகள் கழித்து அதே கெம்ப்பின் வகுப்புகளுக்குப் போனவர் பாடகி கேட் புஷ். பாப் மேடையை இருவரும் ஆளுக்கொரு விதமாக மாற்றினார்கள்.

போவி 1972-ல் ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனைப் பாத்திரத்தை உருவாக்கி, அந்தப் பாத்திரமாகவே மேடையேறினார். செக்கச்சிவந்த தலைமுடி, அடர்த்தியான ஒப்பனை, ஜப்பானிய வடிவமைப்பாளர் கன்சாய் யமமோட்டோவின் விசித்திரமான உடைகள். ஜப்பானியக் கபுகி நாடகத்தில் ஹிகினுகி என்றொரு உத்தி உண்டு. மேலுடையைத் தளர்வாகத் தைத்திருப்பார்கள். உதவியாளர் நூலை இழுத்ததும் அது கழன்று விழ, உள்ளேயிருந்து வேறு உடை வெளிப்படும். போவி இதை ராக் மேடைக்குக் கொண்டுவந்தார். விளக்கு அணையாமல், எல்லோர் கண் முன்பும் ஆள் மாறிவிடுவார். முகபாவம் தெரியாத தூரத்தில் இருப்பவருக்கும் நிறமும் உருவமும் மாறியது பளிச்சென்று தெரியும்.

1973 ஜூலை 3 அன்று லண்டனின் ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில், இதுதான் தாங்கள் செய்யப்போகும் கடைசி நிகழ்ச்சி என்று அறிவித்தார் போவி. அவரோடு வாசித்துக்கொண்டிருந்த இருவருக்கே அது முன்கூட்டித் தெரியாது. பாடுவதையே விட்டுவிட்டார் என்று ரசிகர்கள் பதறினார்கள். ஆனால் முடிந்தது ஸிக்கியின் கதை. போவி அடுத்த வேடத்துக்குப் போய்விட்டார். மேடையில் நிற்பவர் ஒரு பாத்திரம், வீட்டுக்குத் திரும்புகிறவர் வேறொருவர் என்ற எண்ணம் பாப் ரசிகர்களின் மனதில் ஆழமாகப் பதிந்ததில் அந்த இரவுக்குப் பெரிய பங்கு உண்டு. பிற்பாடு பியான்சே தன் மேடை ஆளுமைக்கு சாஷா ஃபியர்ஸ் என்று பெயர் வைத்ததையும், லேடி காகா ஒவ்வொரு சுற்றுப்பயணத்துக்கும் ஒரு புது உருவம் எடுப்பதையும் இதிலிருந்து பார்த்தால் எளிதாகப் புரியும்.

கேட் புஷ் எதிர்கொண்டது இன்னும் எளிமையான பிரச்சினை. அவருக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. பாடிக்கொண்டே ஆட வேண்டும், மைமும் செய்ய வேண்டும். மைக்கைக் கையில் பிடித்தால் ஒரு கை போய்விடும், ஸ்டாண்டில் வைத்தால் நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. 1979-ல் அவர் சுற்றுப்பயணம் கிளம்பியபோது, ஒலிப் பொறியாளர் சட்டை மாட்டும் கம்பி ஹேங்கரை வளைத்து, அதில் சின்ன மைக்கைப் பொருத்தி, தலையில் மாட்டிக்கொள்ளும்படி செய்து கொடுத்தார். இன்று ஆடிப் பாடும் கலைஞர்கள் பலரும் காதோரம் அணியும் மைக்கின் முன்னோடிகளில் அது ஒன்று. அந்த நிகழ்ச்சியில் பதினேழு உடை மாற்றம், மாயாஜாலக்காரர், நடனம், கவிதை எல்லாம் இருந்தன. அப்போது கேட் புஷ்ஷுக்கு வயது 20.

அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் ஒரு துயரமும் நடந்தது. பூல் நகரத்தில் நடந்த முன்னோட்ட நிகழ்ச்சிக்குப் பிறகு பில் டஃபீல்ட் என்ற 21 வயது ஒளியமைப்புக் கலைஞர் உயரத்திலிருந்து விழுந்து, சில நாட்களில் இறந்துபோனார். அவர் குடும்பத்துக்காக ஹேமர்ஸ்மித்தில் ஒரு கச்சேரி நடத்தினார்கள். மேடைப் பிரம்மாண்டத்தைப் பற்றிப் பேசும்போது, இருட்டில் உயரத்தில் வேலை பார்ப்பவர்களை மறக்கக்கூடாது.

அப்புறம் 35 ஆண்டுகள் கேட் புஷ் கச்சேரித் தொடர் எதுவும் செய்யவில்லை. 2014-ல், போவி ஸிக்கிக்கு விடை கொடுத்த அதே ஹேமர்ஸ்மித் அரங்கில், 22 நாட்கள் நிகழ்த்தினார். அதில் ஒரு பெரிய பகுதி, கடலில் தனியாக மிதக்கும் ஒரு பெண்ணின் கதை. திரையில் காட்டுவதற்காக நீர்த்தொட்டிக்குள் மிதந்தபடியே பாடிப் படம் பிடித்திருந்தார். வருகிறவர்கள் தயவுசெய்து போனில் படம் எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். ரசிகர்கள் அதற்குக் கட்டுப்பட்டார்கள் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

தூரத்தையே கதையாக்கியவர்கள்

பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழு, பாப் நட்சத்திரம் இல்லை. இருந்தாலும் அவர்களைச் சொல்லாமல் போக முடியாது. 1977-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக் மைதானத்தில் நடந்த கச்சேரியில், ரசிகர் ஒருவர்மீது ஆத்திரப்பட்டு, குழுவில் ஒருவரான ரோஜர் வாட்டர்ஸ் எச்சில் துப்பிவிட்டார். இவ்வளவு பெரிய மைதானத்தில் எனக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரு சுவர் நிற்கிறதே என்ற எண்ணம் அதன்பின் அவருக்குள் வளர்ந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் ‘தி வால்’ (சுவர்) என்ற ஆல்பம். 1980, 81-ல் அதை மேடையேற்றியபோது, குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே பணியாளர்கள் அட்டைக் கற்களை ஒவ்வொன்றாக அடுக்கினார்கள். முதல் பாதி முடிவதற்குள் சுமார் 12 மீட்டர் உயரச் சுவர் எழுந்து வாசிப்பவர்களை முழுவதுமாக மறைத்துவிடும். கடைசியில் அது இடிந்து விழும். தூரத்தை மறைக்க மற்றவர்கள் பாடுபட்டபோது, இவர்கள் அந்தத் தூரத்தையே கண் முன் கட்டிக் காட்டினார்கள். மேடை அமைப்பு என்பது பின்னணி அலங்காரம் என்ற நினைப்பு யாருக்காவது இருந்தால், இந்த ஒரு உதாரணம் போதும். இங்கே அமைப்புதான் கதை.

அந்தச் சுவரை வடிவமைத்தவர்களில் ஒருவர் மார்க் ஃபிஷர் என்ற கட்டடக் கலைஞர். 2013-ல் இறக்கும்வரை உலகின் பெரிய மேடைகள் பலவற்றுக்குப் பின்னால் அவர் இருந்தார்.

ஒளியில் நடந்த மாற்றமும் இதே காலத்தில்தான். அதுவரை மேடை விளக்கு என்றால், நிறத்தாள் ஒட்டிய, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும் விளக்கு. நான்கு நிறம் வேண்டுமென்றால் நான்கு விளக்கு மாட்ட வேண்டும். 1981 செப்டம்பரில் பார்சிலோனாவில் ஜெனிசிஸ் குழுவின் கச்சேரியில் வாரி-லைட் என்ற விளக்கு முதன்முறையாக மேடைக்கு வந்தது. கணினி சொல்படி தானே திரும்பும், தானே நிறம் மாறும். இன்று ஊர்த் திருவிழா மேடைகளில்கூடச் சுழலும் விளக்குகள் அந்த வம்சம்தான். ஒரு கோடி ஒளிக்கற்றைகள் ஆடினாலும், ஒளியமைப்பின் முதல் வேலை இப்போதும் ஒன்றுதான்: எங்கே பார்க்க வேண்டும் என்று கடைசி வரிசைக்காரருக்குச் சொல்வது.

அசையாமல் நின்ற ஆட்டக்காரர்

மைக்கேல் ஜாக்சனின் காலைப் பாருங்கள். பேன்ட் கணுக்காலுக்கு மேலேயே முடிந்துவிடும். கறுப்புக் காலணி, நடுவே பளபளக்கும் வெள்ளைக் காலுறை. ஒரு கையில் மட்டும் மினுங்கும் கையுறை, அல்லது விரல்களில் வெள்ளை டேப். இதை வெறும் ஸ்டைல் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அது கணக்குப் போட்டுச் செய்தது. அவர் நடனத்தின் உயிர் பாதத்திலும் விரலிலும் இருந்தது. வெள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே கண் போகும். முகம் தெரியாத தூரத்திலும் பாதம் வழுக்கிப் பின்னால் போவது தெரிந்தது அந்தக் காலுறையால்தான்.

அவர் உடலை நேராக வைத்துக்கொண்டு முன்பக்கம் ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து நிமிரும் அசைவு பலருக்கு நினைவிருக்கும். உடலின் எடை மையம் பாதங்களைத் தாண்டியதும் யாராக இருந்தாலும் விழ வேண்டும். 1988-ல் வந்த வீடியோவில் கம்பியும் இடுப்புப் பட்டையும் கட்டி இதைச் செய்தார்கள். நேரடி மேடையில், ஆட்டத்தின் நடுவே கம்பி மாட்டி அவிழ்க்க நேரமில்லை. அதனால் ஜாக்சனும் அவருடைய உடை வடிவமைப்பாளர்கள் மைக்கேல் புஷ், டென்னிஸ் டாம்ப்கின்ஸ் ஆகியோரும் சேர்ந்து ஒரு காலணியை உருவாக்கினார்கள். அதன் குதிகாலில் ஒரு வெட்டு இருக்கும். சரியான நொடியில் மேடைத் தரையிலிருந்து ஒரு முளை எழும். காலை லேசாக நகர்த்தினால் குதிகால் அந்த முளையில் மாட்டிக்கொள்ளும். சாய்ந்து நிமிர்ந்ததும் விடுவித்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடரலாம். இதற்கு 1993 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எண் 5,255,452. சூழ்ச்சி இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகும் எனக்கு வியப்பு குறையவில்லை. முளை பிடித்துக்கொள்ளும், சரி. ஆனால் கணுக்காலும் முதுகும் இரும்பாக இருந்தால்தான் உடல் மடங்காமல் போய்வர முடியும். கூடவே ஆடுபவர்களும் அதே நொடியில் அதே கோணத்தில் சாய வேண்டும்.

இத்தனை அசைவு தெரிந்தவர் செய்த மிகத் துணிச்சலான காரியம், அசையாமல் நின்றது. 1992 அக்டோபர் 1 அன்று ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் நடந்த கச்சேரியைத் தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்தார்கள். மேடைக்கு அடியிலிருந்து ஒரு விசைத்தூக்கி அவரை மேலே எறிகிறது, சுற்றிலும் வாணப்பொறி. தரையில் வந்து நின்றவர், கறுப்புக் கண்ணாடியோடு சிலையாக நிற்கிறார். ஒரு நிமிடத்துக்கும் மேலாக ஒன்றுமே செய்யவில்லை. கூட்டம் கத்துகிறது, அழுகிறது, மயங்கியவர்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் தலையை மட்டும் வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்புகிறார். மொத்த மைதானமும் அதிர்கிறது. ஒரு சின்ன அசைவைப் பல்லாயிரம் பேர் கண்ணுக்கும் பெரிதாக்கிக் காட்டியது அதற்கு முன் இருந்த அசைவின்மை. பிரம்மாண்டம் என்றால் பொருட்களைக் குவிப்பது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும்.

இந்தியாவுக்கு அவர் ஒரே ஒரு முறை கச்சேரி செய்ய வந்தார். 1996 நவம்பர் 1, மும்பை அந்தேரி விளையாட்டு வளாகம்.

பாட்டுகள் காட்சிகளாக, காட்சிகள் அங்கங்களாக

1990-ல் மடோனா செய்த ப்ளாண்ட் ஆம்பிஷன் பயணத்தைத் திருப்புமுனை என்று நான் நினைக்கிறேன். ஏப்ரலில் ஜப்பானின் சிபா நகரில் தொடங்கி ஆகஸ்டில் ஃபிரான்ஸின் நீஸ் நகரில் முடிந்தது, மொத்தம் 57 நிகழ்ச்சிகள். அதற்கு முன்பும் நல்ல காட்சிகள் கொண்ட கச்சேரிகள் இருந்தன. ஆனால் வழக்கமான வரிசை இதுதான்: பாட்டு, கைதட்டல், இரண்டு வார்த்தை பேச்சு, அடுத்த பாட்டு. மடோனா முழுக் கச்சேரியையும் நாடகம் போல அங்கங்களாகப் பிரித்தார். முதல் அங்கம், ஃபிரிட்ஸ் லாங் 1927-ல் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ படத்தை நினைவூட்டும் தொழிற்சாலை. படிக்கட்டு, இயந்திரப் பற்சக்கரங்கள், புகை. அடுத்தது தேவாலயம், தூண்கள், மெழுகுவர்த்திகள், பாவ மன்னிப்பு. பிறகு பழைய கேபரே மேடை. அப்புறம் ஆர்ட் டெக்கோ மாளிகை. ஒவ்வொரு அங்கத்துக்கும் தனி மேடை, தனி நிறம், தனி உடை. பாட்டுகளில் பல பழையவைதான். ஆனால் அவற்றை அடுக்கிய முறையில், ஆசைக்கும் மதத்துக்கும் இடையே மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதை உருவானது.

கலை இயக்கம் அவருடைய தம்பி கிறிஸ்டோபர் சிக்கோனே. நடனமும் மேடை இயக்கமும் வின்சென்ட் பேட்டர்சன். ஜாக்சன் சாய்ந்தாடிய அந்த வீடியோவுக்கு நடனம் அமைத்தவரும் இவரே. உடை ஜான் பால் கோத்தியே. கூம்பு வடிவ மார்புக்கச்சையை அவர் வடிவமைத்ததைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அதைக் கவர்ச்சி, சர்ச்சை என்றே பலரும் எழுதினார்கள். மேடைக் கண்ணோடு பார்த்தால் இன்னொன்றும் தெரியும். நிழலுருவாக நின்றாலே அது மடோனா என்று அரங்கத்தின் மறுகோடியில் இருப்பவரும் சொல்லிவிடலாம். நல்ல மேடை உடைக்கு இதுதான் முதல் தேர்வு.

மதமும் உடல் ஆசையும் ஒரே மேடையில் வந்ததால் எதிர்ப்பும் வந்தது. டொரான்டோவில் போலீஸார் வந்து எச்சரித்தார்கள், மடோனா எதையும் மாற்றாமல் ஆடினார். இத்தாலியில் கத்தோலிக்க அமைப்புகள் புறக்கணிக்கச் சொல்லின, ரோம் நகரில் ஒரு நிகழ்ச்சி ரத்தானது. வெறும் ஜோடனையாக இருந்தால் யாருக்கும் கோபம் வந்திருக்காது. காட்சி ஏதோ ஒன்றைச் சொன்னது, அதனால்தான் வந்தது.

அங்கம் பிரிக்கும் அந்த முறை இன்று ஏறக்குறைய எல்லாப் பெரிய கச்சேரிகளிலும் உண்டு. டெய்லர் ஸ்விஃப்டின் ஈராஸ் பயணம் (2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை 149 நிகழ்ச்சிகள்) அவருடைய ஆல்பங்களை அங்கங்களாக வைத்தது. 2025-ல் லேடி காகா, கலிபோர்னியாவில் இரண்டு வார இறுதிகளில் நடக்கும் கோச்செல்லா இசை விழாவில் ஓபரா அரங்கம் போன்ற மேடையில், பிரம்மாண்டமான சிவப்பு கவுனின் உச்சியில் தோன்றினார். பாவாடை திறந்தால் உள்ளே கூண்டு, கூண்டுக்குள் ஆட்டக்காரர்கள். அந்த உடையே ஒரு மேடை.

திரைக்குப் பின்னால்

இவை எப்படி நடக்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடகரும் வாத்தியக்காரர்களும் காதில் சின்னக் கருவி மாட்டியிருப்பார்கள். அதில் தாளம் தட்டும் ‘கிளிக்’ ஒலி ஓடிக்கொண்டிருக்கும். அதோடு இணைந்த நேரக் குறியீடு ஒன்று விளக்கு, திரை ஆகியவற்றின் கணினிகளுக்கும் போகும். டிரம் அடியும் மின்னலும் ஒரே நொடியில் விழுவது இப்படித்தான். ஆனால் மேடை ஏறி இறங்குவது, நெருப்பு போன்ற ஆபத்தான வேலைகளில், ஆட்கள் பாதுகாப்பான இடத்தில் நிற்பதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார். இல்லையென்று அவர் நினைத்தால் அந்தக் காட்சி நடக்காது.

உடை மாற்றம் பெரும்பாலும் மேடைக்கு அடியில், ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில். பொத்தான் இருக்கும் இடத்தில் அழுத்து பட்டனும் வெல்க்ரோவும் இருக்கும். இரண்டு மூன்று பேர் சுற்றி நின்று ஒருவர் கழற்ற, ஒருவர் மாட்டுவார்கள். அந்த இடைவெளியை மேடையில் ஆட்டக்காரர்களோ திரைக்காட்சியோ நிரப்பும். நல்ல இயக்குநரின் கையில் அந்த இடைவேளையும் கதையின் பகுதியாகிவிடும்.

இவற்றைச் செய்து கொடுக்கும் நிறுவனங்களில் சில பென்சில்வேனியாவின் லிட்டிட்ஸ் என்ற சிற்றூரில் இருக்கின்றன. மேடை கட்டும் டெய்ட் நிறுவனம் அங்கேதான். முழு மேடையையும் நிறுத்திப் பார்த்து ஒத்திகை செய்ய, சுமார் 30 மீட்டர் உயரக் கூடம் ஒன்று 2014-ல் அங்கே திறக்கப்பட்டது. யு2 குழுவின் 2009-11 பயணத்தில் மேடையின் எஃகுச் சட்டத்தை மூன்று பிரதிகளாகச் செய்தார்கள். ஓர் ஊரில் கச்சேரி நடக்கும்போது இன்னோர் ஊரில் கட்டுவார்கள், முந்தைய ஊரில் பிரிப்பார்கள்.

சரி, உண்மையிலேயே பாடுகிறார்களா? நியாயமான கேள்வி. ஓடி ஆடும் இடங்களில் பின்னணியில் பதிவு செய்த குரல்கள் துணைக்கு ஓடுவது வழக்கம். எவ்வளவு ஓடும் என்பது ஆளைப் பொறுத்தது. 2025 கோச்செல்லாவின் இரண்டாம் வாரத்தில் லேடி காகாவின் மைக் சற்று நேரம் வேலை செய்யாமல் போனது. வேறு மைக் வந்ததும், நான் நேரடியாகத்தான் பாடுகிறேன் என்பதாவது உங்களுக்குத் தெரிந்ததே என்ற பொருளில் ரசிகர்களிடம் சொன்னார். என் பார்வையில், பாடவே முடியாதவரைப் பாடுவதாகக் காட்டுவது ஏமாற்று. மூன்று நிமிடம் மூச்சு வாங்க ஆடும்போது துணைக் குரல் வைத்துக்கொள்வது அப்படியில்லை. ஆட்டமும் அங்கே கலைஞர் கொடுக்கும் ஒரு பங்கு.

எது நல்லது, எது வெறும் பகட்டு

பெரிய திரைகளிடம்தான் எனக்குக் குறை உண்டு. திரை கடைசி வரிசைக்கு முகத்தைக் கொண்டுவந்து தந்தது, அது பெரிய வரம். ஆனால் பல கச்சேரிகளில் எல்லோரும் ஆளை விட்டுவிட்டுத் திரையையே பார்க்கிறார்கள். ஒவ்வொரு பல்லவிக்கும் நெருப்பு கக்கினால் மூன்றாவது முறை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். திரையைப் புத்தியோடு பயன்படுத்தியவர்களும் உண்டு. 2016-ல் அடெல் கச்சேரி தொடங்குமுன் அவருடைய மூடிய கண்கள் மட்டும் பெரிதாகத் திரையில் தெரியும். நேரம் வந்ததும் அவை திறக்கும். அவர் தோன்றுவதோ அரங்கத்தின் நடுவில் இருந்த சிறு மேடையில். அதை அமைத்த எஸ் டெவ்லின் நாடக மேடையிலிருந்து வந்தவர். ஈராஸ் பயணத்தில் டெய்லர் ஸ்விஃப்ட் மேடைத் தரையில் ஒரு திறப்புக்குள் தலைகீழாகக் குதிப்பார். தரைத்திரையில் ஒரு பெண்ணுருவம் நீந்திக்கொண்டே மேடையின் மறுகோடிக்குப் போகும். அதே டெய்லர், ஒவ்வொரு இரவும் கிடாரோடும் பியானோவோடும் தனியாக உட்கார்ந்து, அன்று என்ன பாடப்போகிறார் என்று யாருக்கும் தெரியாத பாட்டுகளைப் பாடுவார். மூன்று மணி நேரக் கச்சேரியில் ரசிகர்கள் மிகவும் எதிர்பார்த்துக் காத்திருந்த பகுதிகளில் ஒன்று இந்த எளிய பகுதிதான். சுற்றிலும் அவ்வளவு பிரம்மாண்டம் இருந்ததால் அந்தத் தனிமைக்கு அவ்வளவு பலம்.

எல்லாவற்றிலும் முழுமையானது எது என்று கேட்டால், பியான்சே 2018 ஏப்ரலில் கோச்செல்லாவில் செய்ததைச் சொல்வேன். அந்த விழாவின் முதன்மைக் கலைஞராக மேடையேறிய முதல் கறுப்பினப் பெண் அவர். மேடையின் நடுவே பிரமிடு வடிவத்தில் படிப்படியாக உயரும் கேலரி. அதில் அணிவகுப்பு வாத்தியக் குழு. அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்கென்று தோன்றிய கல்லூரிகளில், அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் இப்படிப்பட்ட குழுக்கள் வாசித்து ஆடுவது நீண்ட மரபு. பியான்சே தன் பாட்டுகளை எல்லாம் அந்த மரபின் பித்தளை ஊதுகருவிகளுக்கும் டிரம்முக்கும் மாற்றி அமைத்தார். மேடை, உடை, ஒலி, அசைவு எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தன, ஒரே விஷயத்தைச் சொல்லின. இரண்டு வாரங்களிலும் நிகழ்ச்சி நடந்தது. முதல் வாரம் மஞ்சள் உடை, இரண்டாம் வாரம் இளஞ்சிவப்பு. பிறகு வந்த ‘ஹோம்கமிங்’ படத்தில் ஒரு அசைவின் நடுவிலேயே மஞ்சள் இளஞ்சிவப்பாக மாறும். கை அதே உயரத்தில், கால் அதே இடத்தில் இருக்கும். ஒரு வார இடைவெளியில் செய்த இரண்டு ஆட்டங்கள் அவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதைப் பார்க்கும்போது, ஒத்திகை எவ்வளவு நடந்திருக்கும் என்று மலைப்பாக இருக்கிறது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் அந்தப் படத்திலிருந்தும், புக்கரெஸ்ட் கச்சேரியின் முதல் பத்து நிமிடங்களிலிருந்தும் ஆரம்பிக்கலாம். முதல் தடவை சும்மா ரசியுங்கள். இரண்டாவது தடவை பாடகரை விட்டுவிட்டு, ஓரத்தில் ஆடும் ஒரே ஒரு ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்து அவரை மட்டும் தொடர்ந்து பாருங்கள். அவர் எப்போது இருட்டுக்குள் போகிறார், எந்தப் பக்கமிருந்து திரும்பி வருகிறார், வரும்போது என்ன உடையில் இருக்கிறார் என்று கவனித்தால், மொத்த நிகழ்ச்சியும் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது விளங்கிவிடும். இப்படிப் பார்க்கக் கேமரா நகராமல் நிற்கும் பதிவுகள்தான் தோது. ரசிகர்கள் மேல் கேலரியிலிருந்து எடுத்துப் போட்ட வீடியோக்களில் முகம் தெரியாது, ஆனால் மேடை முழுவதும் தெரியும்.